இருபது வயதுக்காரிக்கு எதற்கு அப்பாவின் கையெழுத்து?

1

பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில், நிறைந்த கூட்டத்துக்கு நடுவே, பேச்சாளரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கியவள் நான்தான். அந்த வீடியோ ஊரில் உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம். சிவப்புச் சேலை, கலைந்த தலை, நடுங்கும் குரல். 'மலேசியாவில் பேச்சாளரைக் கிழித்த தமிழச்சி' என்று யாரோ தலைப்பு வைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் யாரையும் கிழிக்கவில்லை. பிடுங்கினேன் என்பதுகூடச் சரியில்லை. கேள்வி கேட்கச் சொல்லி அவரேதான் மைக்கை நீட்டினார். நான் திருப்பிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மாதங்கள் ஓடிவிட்டன. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. வீடியோவில் வந்தது பாதிக் கதை. மீதியையும் நானே சொல்லிவிடுகிறேன்.

கோலாலம்பூருக்கு நாங்கள் வந்தபோது மகள் யாழினி கைக்குழந்தை. இப்போது அவளுக்கு இருபது வயது. கணவர் ஆனந்துக்கு சைபர்ஜெயாவில் கணினி வேலை. எனக்கு பங்சாரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. வீடு பிரிக்பீல்ட்ஸில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்து அடுக்குமாடியில். காலையில் பூக்கடைகளைத் தாண்டி, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் பங்சார். பொட்டலத்தைப் பையில் வைத்து மூடுவதற்குள் இறங்க வேண்டும். இத்தனை வருஷமாக இதுதான் என் வெளிநாட்டு வாழ்க்கை. பிரமாதமாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள்.

அன்று ஒரு சங்கம் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்குமாகக் கூட்டம் வைத்திருந்தது. 'பல்கலைக்கழக ஆண்டுகளைப் பயனுள்ளதாக்குவது எப்படி?' பேச்சாளர் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்தார். நன்றாகத்தான் பேசினார், அதுதான் ஆபத்து. "நாலு வருஷம் கல்லு மாதிரி இருங்க. சிநேகிதம் வேணாம், ஊர் சுத்த வேணாம், கிளப்பு கிளப்புன்னு அலைய வேணாம். படிப்பு, ரூம், சாப்பாடு. நாலு வருஷம் வாயைக் கட்டினா நாப்பது வருஷம் ராஜா!" கைதட்டல். "பிள்ளையோட போன் பாஸ்வேர்டு தெரிஞ்ச அம்மாக்கள் கையைத் தூக்குங்க." பாதி மண்டபம் தூக்கியது. பெருமையோடு தூக்கியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆனந்த் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் அவர் சொன்னார்: "கேம்ப்பு போறேன், ஃபீல்டு ட்ரிப் போறேன்னு ஒரு பொண்ணு வந்து நிப்பா. அங்கதான் பெத்தவங்க உஷாரா இருக்கணும்."

கூட்டம் சிரித்தது. எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் யாழினி உட்கார்ந்திருந்தாள். அவள் தலை மெல்லக் குனிவதைப் பார்த்தேன். எழுந்துவிட்டேன்.

2

அவள் ஏன் தலைகுனிந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும்.

யாழினி சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டு முடிகிற நேரம். அவளுடைய துறையிலிருந்து சில மாணவர்களை சரவாக் மாநிலத்தின் உட்பகுதிக்கு அனுப்பப் போவதாக அறிவிப்பு வந்தது. விடுமுறையின் இரண்டு மாதமும் ஓர் ஆற்றங்கரை ஊரில் தங்கி, ஆற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து, அந்த மக்கள் எதைக் குடிக்கிறார்கள், எதனால் நோய் வருகிறது என்று பார்ப்பது வேலை. விண்ணப்பித்தவர்களில் சிலருக்குத்தான் இடம். யாழினிக்குக் கிடைத்தது. அவளோடு படிக்கும் தர்ஷினிக்கும் கிடைத்தது. தர்ஷினி கிள்ளான் பெண். அவள் அம்மா லெட்சுமி அக்கா அங்கே ஒரு பள்ளியில் கிளார்க்.

யாழினி குதித்துக்கொண்டு வந்து சொன்னாள். ஆனந்த் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த ரெண்டு மாசம் சைபர்ஜெயால உனக்கு இன்டர்ன்ஷிப் பேசி வச்சிருக்கேன். ஏசி ரூம். ரெஸ்யூமேல போடலாம். காட்டுக்குள்ள போய்த் தண்ணி மொண்டா யாரு வேலை குடுப்பா?"

"அது ஐடி கம்பெனி, ப்பா. நான் படிக்கிறது ஐடி இல்ல."

"முதல்ல கம்பெனிக்குள்ள நுழை. அப்புறம் பாத்துக்கலாம்."

பெற்றோர் சம்மதக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். ஒவ்வொரு முறை பால் எடுக்கும்போதும் கண்ணில் பட்டது. ஆனந்த் பார்க்காத மாதிரி பால் எடுக்கப் பழகிக்கொண்டார்.

அவரை வில்லனாக்கிவிடாதீர்கள். பயந்தவர். ஒவ்வொரு முறை விசா புதுப்பிக்கும்போதும் கடப்பிதழ்களை, அதாவது பாஸ்போர்ட்டுகளை, குடிநுழைவு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, அவை திரும்பி வரும்வரை சரியாகச் சாப்பிடாத மனிதர். பதினெட்டு முடிந்ததும் யாழினிக்குத் தனியாக மாணவர் பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. பாலர் பள்ளியிலிருந்து இங்கேயே வளர்ந்தவளை 'அனைத்துலக மாணவி' என்று வகைப்படுத்தினார்கள். ஒன்று தவறினால் எல்லாம் தவறிவிடும் என்று அவர் நம்புகிறார். புலம்பெயர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தப் பயத்துக்குத்தான் 'ஒழுக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

3

மண்டபத்தில் நான் பேசியது என் கல்லூரியைப் பற்றி. சேலத்திலிருந்து கிளம்பும் நெடுஞ்சாலை ஒன்றின் ஓரத்தில், பொட்டல் காட்டில், கோட்டை மாதிரி மதில் எழுப்பிய பொறியியல் கல்லூரி. பெண்களுக்குத் தனி மாடிப்படி. பேருந்தில் நடுவே கம்பி. ஆண்களோடு பேசினால் அபராதம், சிரித்தால் அப்பாவுக்குத் தகவல். விடுதிக்கு வரும் கடிதங்களை வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். நூலகத்தில் நல்ல புத்தகங்கள் எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. சாவி யாரிடம் என்று கேட்டால் அதற்கும் முறைப்பார்கள். அந்த நூலகத்தைக் காசு கொடுத்துப் பார்க்கிற பொருட்காட்சி என்றுதான் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

என் அறைத் தோழி கலையரசி. சிவில் படித்தாள். நானும் சிவில்தான், ஆனால் நான் மதிப்பெண்ணுக்குப் படித்தேன், அவள் பாலத்துக்காகப் படித்தாள். ஊருக்குப் போகும் வழியில் காவிரிப் பாலம் வந்தால் பேருந்து ஜன்னலில் முகத்தை வைத்துக்கொள்வாள். தூண்களுக்கு நடுவில் ஏன் அந்த இடைவெளி என்று எனக்கு விளக்கிக்கொண்டே வருவாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மூன்றாம் ஆண்டில் சென்னையில் ஒரு கல்லூரி மாதிரிப் பாலப் போட்டி வைத்தது. ஐஸ் குச்சிகளும் பசையும் மட்டும்தான் பயன்படுத்தலாம், எந்தப் பாலம் அதிக எடை தாங்குகிறதோ அதற்குப் பரிசு. ஒரு அணிக்கு நான்கு பேர். பெண்களில் எங்கள் இருவருக்குத்தான் ஆசை. வகுப்பில் இரண்டு பையன்கள் சேர்ந்துகொண்டார்கள். பேசத்தான் முடியாதே. கலை வரைபடம் போடுவாள், நூலகத்தில் யாரும் தொடாத ஒரு புத்தகத்துக்குள் வைப்பாள். பையன்கள் எடுத்துத் திருத்தி அங்கேயே வைப்பார்கள். பாலத்தை எங்கள் அறையில், கட்டிலுக்கு அடியில், போர்வையால் மறைத்துக் கட்டினோம். நான்கு வருஷத்தில் நான் உண்மையாகப் பொறியியல் படித்தது அந்தச் சில வாரங்கள்தான்.

நூலகக் காவலர் ஒருநாள் வரைபடத்தை எடுத்துவிட்டார். முதல்வர் அறையில் எங்களை நிறுத்தினார்கள். அவர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். எடை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று காட்டக் கலை அம்புக்குறிகள் போட்டிருந்தாள்.

"இந்த அம்புக்கெல்லாம் என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

ஒரு பொறியியல் கல்லூரி முதல்வர். விசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்து. அது காதல் கடிதத்துச் சங்கேதம் என்று நினைத்தார்.

"சார், அது லோடு சார்," என்றாள் கலை.

"எதிர்த்துப் பேசுறியா?"

அப்பாக்களை வரவழைத்தார்கள். என் அப்பா கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்டார். ஒரு தப்பும் செய்யாத மனிதர், தப்பே நடக்காத ஒன்றுக்கு. கலையின் அப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. அவளுடைய பெட்டியைத் தூக்கச் சொன்னார். தேர்வுக்கு மட்டும் வந்தாள் கலை. இறுதியாண்டுக்கு அதுவும் இல்லை. கல்யாணப் பத்திரிகை வந்தது. பையன்களுக்கு என்ன தண்டனை என்கிறீர்களா? ஒரு வாரம் வகுப்புக்கு வரக் கூடாது. அவ்வளவுதான்.

நான் முதல் வகுப்பில் தேறினேன். கல்லூரி வாசலில் தேர்ச்சி பெற்றவர்களின் படங்களைப் பெரிய பலகையில் ஒட்டி வைத்தார்கள். அதில் என் முகமும் இருந்தது. நெடுஞ்சாலையில் போகிற லாரிக்காரர்கள் எல்லாம் பார்த்திருப்பார்கள்.

4

இதைத்தான் மைக்கில் சொன்னேன். கடைசியில் அந்தப் பேச்சாளரைப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கச் சொல்றீங்க. இருந்து பார்த்தவ நான். நாலு வருஷம் போனது போனதுதான் சார். நாப்பது வருஷத்துல யாரும் அதைத் திருப்பித் தரலை," என்றேன். அந்த வார்டன் பாலத்தை உடைத்தார், கலை தேம்பித் தேம்பி அழுதாள் என்றும் சொன்னேன். "என் பொண்ணுக்குக் காட்டுக்குப் போய் ஆத்துத் தண்ணியப் படிக்க இடம் கெடைச்சிருக்கு. அவங்கப்பா இன்னும் கையெழுத்துப் போடலை. உஷாரா இருக்கணும்கிறீங்களே, யாருகிட்ட? தண்ணிகிட்டயா?" என்றும் சொன்னேன்.

முதலில் யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அவங்க சொல்றது பெத்துல் லா!" லெட்சுமி அக்காதான். பெத்துல் என்றால் மலாயில் சரி. அக்கா எழுந்தே நின்றுவிட்டார். "நானும் யூனிவர்சிட்டிக்கு ஆசப்பட்டவதான். சீட்டு கெடைக்கல. எம்மவளுக்குக் கெடைச்சிருக்கு. முழுசா அனுபவிச்சிட்டு வரட்டுமே. இதுல என்னா தப்பு, பாஸ்?" என்று பேச்சாளரையே பாஸ் என்று கூப்பிட்டார். அப்போதுதான் கூட்டம் சிரித்தது, சிலர் தட்டினார்கள். ஏற்பாட்டாளர் ஓடி வந்து மைக்கை வாங்கிக்கொண்டு தேநீர் இடைவேளை என்றார்.

வெளியே வந்தோம். ஆனந்த் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார். யாழினி என்னோடு வந்தாள். அவள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"ஏம்மா என் விஷயத்தை அங்க சொன்னீங்க?"

"உனக்காகத்தான்டா..."

"எனக்காகவா? அங்க என் கோர்ஸ்மேட்ஸ் இருக்காங்க. அப்பா சைன் போடலன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். நீங்க என்னை மாலு பண்ணிட்டீங்க. சோ எம்பேரஸிங், தாவ் தாக்?"

கோபம் வந்தால் அவளிடமிருந்து தமிழ் கழன்றுவிடும். தாவ் தாக் என்றால் தெரியுமா இல்லையா. மாலுவும் மலாய்ச் சொல்தான். வெட்கம், அவமானம், தலைகுனிவு மூன்றும் அதில் உண்டு. அவளுக்கு அந்த நேரத்தில் தமிழில் சொல் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. பூக்கடைக்காரர் "என்னா அக்கா, சரம் வேணுமா?" என்று வழக்கம்போலக் கேட்டார். அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தோம்.

5

ஆனந்த் கையெழுத்துப் போட மாட்டார் என்பது தெளிவானதும், நானே போட்டு எடுத்துக்கொண்டு அரைநாள் விடுப்பில் பல்கலைக்கழகம் போனேன். முகப்பில் ஓர் இளம்பெண், தலைக்கு முக்காடு, நல்ல சிரிப்பு. தாளைப் பார்த்தாள்.

"பாபா மெஸ்தி சைன், புவான்." அப்பாதான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"நான் அம்மா," என்றேன்.

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ யாராவது போதும். தர்ஷினிக்கு லெட்சுமி அக்கா அறிவிப்பு வந்த அன்றே போட்டுக் கொடுத்துவிட்டார். வெளிநாட்டுப் பிள்ளை என்றால் குடும்பத்தின் விசா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான். அதுவும் நம் ஊர் நோட்டரி மாதிரி இங்கே இருக்கிற சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் போட்டு முத்திரை வாங்கி வர வேண்டும். சரவாக்குக்குள் நுழையத் தனி அனுமதி வேறு. ஒரே நாட்டுக்குள் விமானம் ஏறிப் போனாலும் அங்கே கடப்பிதழை நீட்ட வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. எனக்கே இன்னும் முழுசாக விளங்கவில்லை.

அவளுக்கு இருபது வயது. வண்டி ஓட்ட உரிமம் இருக்கிறது. ஊருக்குப் போனால் நாளைக்கே யாரையாவது கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், அதற்கு என்னை யாரும் கேட்கத் தேவையில்லை. ஆற்றில் தண்ணீர் மொள்ளப் போக மட்டும் அப்பாவின் கையெழுத்து! சேலத்து மதிலுக்கும் இந்தக் கண்ணாடி முகப்புக்கும் என்ன வித்தியாசம்? இங்கே குளிர்சாதனம் இருக்கிறது, சிரித்துக்கொண்டே மறுக்கிறார்கள்.

துறைத் தலைவரைப் பார்க்க வேண்டும் என்று மலாயில் சொல்லக் கிளம்பினேன். தலைக்குக் கெப்பாலா, தேங்காய்க்குக் கெலாப்பா. கோபத்தில் நாக்கு புரண்டுவிட்டது. துறையின் தேங்காயை உடனே பார்க்க வேண்டும் என்று சத்தமாகக் கேட்டேன்.

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை, சிரித்துவிட்டாள். நானும் சிரித்துவிட்டேன். எனக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "பரவாயில்லை, ஆன்டி. வெள்ளிக்கிழமை வரைக்கும் அவ இடத்தை வச்சிருக்கேன். அங்கிள் கையெழுத்தைக் கொண்டாங்க," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நல்ல பெண். தாளை மட்டும் வாங்கவில்லை.

6

அன்று மாலை ஊரிலிருந்து கலையரசி கூப்பிட்டாள். ஈரோட்டில் இருக்கிறாள். கணவருக்கு ஜவுளி வியாபாரம். இரண்டு பையன்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்குப் பேசுவோம். தீபாவளி இல்லாத நாளில் அவள் பெயர் திரையில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தேன். வீடியோ அவளுக்கும் போயிருக்கிறது.

"சுமி, என் பேரைச் சொல்லிட்ட."

"கலைன்னு மட்டும்தான்டி சொன்னேன். ஊர் பேர் சொல்லலை. தப்பா நினைச்சுக்காத."

"தப்பா நினைக்கலை. ஆனா தப்பா சொல்லியிருக்க."

"எது?"

"வார்டன் உடைக்கலைடி அந்தப் பாலத்தை. நான்தான் உடைச்சேன். அப்பா பெட்டியைத் தூக்குன்னு சொல்லிட்டு வெளிய நின்னாரு. நீ உங்கப்பாகூடக் கீழ இருந்த. வார்டன் கட்டிலுக்கடியில கையை விட்டா. அவ கையில குடுக்க மனசில்ல. வெளிய இழுத்து, ஏறி மிதிச்சேன். முதல் மிதியில உடையல, தெரியுமா? அவ்வளவு கெட்டியாக் கட்டியிருந்தோம். அழவும் இல்ல. எவ சொன்னா அழுதேன்னு?"

இத்தனை வருஷமாக அவளை நான் தேம்பி அழ வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சரி, அத விடு," என்றாள். "உன் பொண்ணு போறாளா இல்லையா?"

"அவங்கப்பா கையெழுத்து..."

"ஏன்டி, மைக்ல அவ்வளவு பேசின. வீட்டுல பேசினியா?"

"பேசினா சண்டை வரும் கலை."

"வரட்டும். எங்க வீட்டுலயும் அன்னிக்கு ஒரு சண்டை வந்திருக்கணும். யாரும் போடலை. எங்கம்மா எனக்குப் புடவை மடிச்சிட்டு இருந்தாங்க."

7

சண்டை போட்டோம். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒன்று போட்டதில்லை. யாழினி அறைக்குள் இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? அந்த யூனிவர்சிட்டியா? நீயா?" என்றார் ஆனந்த்.

"ஒண்ணுமே ஆகாம இருந்தா அதுக்கு யாரு பதில் சொல்றது? எனக்கு ஒண்ணும் ஆகலை. நாலு வருஷம் ஒண்ணுமே ஆகலை. அது போதுமா உங்களுக்கு?"

"எனக்கு மட்டும் என்ன ஆச்சு?" என்று கத்தினார். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியின் தொலைக்காட்சிச் சத்தம் சட்டென்று குறைந்தது. "பொம்பளப் பசங்களுக்கு மட்டும்தான் பூட்டுன்னு நினைக்கிறியா? ஆறு மணிக்கு எங்க ஹாஸ்டலையும் பூட்டுவான். ஷேவ் பண்ணாம போனா வெளிய நிக்க வைப்பான். எனக்குக் காலேஜ்ல ஒரு சிநேகிதன் பேர் ஞாபகம் இல்ல சுமதி. ஒருத்தன் பேரும் ஞாபகம் இல்ல. ரோல் நம்பர்தான் ஞாபகம் இருக்கு."

இதை அவர் எனக்குச் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை. திண்டுக்கல் பக்கத்துக் கல்லூரி, முதல் வகுப்பு, உடனே வேலை என்றுதான் பெண் பார்க்க வந்தபோது சொன்னார்கள். எங்கள் வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள்.

"அப்புறம் ஏங்க அவளையும் அங்கயே தள்றீங்க?"

யாழினி அறையிலிருந்து வந்து எங்களுக்கு நடுவில் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. தமிழும் கழன்றுவிடவில்லை.

"அப்பா, நான் உங்ககிட்ட பெர்மிஷன் கேக்கல. சைன் கேக்கிறேன். ரெண்டும் வேற. நான் போகணும்னு நானே டிசைட் பண்ணிட்டேன். அந்த ஆபீஸ்ல உங்க சைன் வேணும்கிறாங்க. போட்டா இந்த வருஷம் போவேன். போடலன்னா படிச்சு முடிச்சிட்டு நானாப் போவேன். அப்ப உங்களுக்குச் சொல்லிட்டுப் போவேனான்னு தெரியல."

மிரட்டல் மாதிரி இருந்தது. மிரட்டல் இல்லை. நடக்கப் போவதைச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிக்கடையில், சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால், ஆனந்த் கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழித்துவிடுமோ என்று பயந்தேன். சம்மதமெல்லாம் இல்லை. கோபத்தோடுதான் போட்டார். அப்புறம் போனை எடுத்து, சைபர்ஜெயா நண்பரிடம் மகள் வரவில்லை என்று சொன்னார். காரணம் சொல்லவில்லை.

8

போனாள். முதல் வாரத்துக்குப் பின் தொடர்பு எப்போதாவதுதான். குன்றேறினால்தான் சிக்னல் கிடைக்குமாம். ஆனந்த் சாப்பாட்டு மேசையில் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார். நானும் ஒன்றும் வீராங்கனை இல்லை. ஒவ்வொரு மழைக்கும் சரவாக் வானிலையைத் தேடிப் பார்த்தேன். லெட்சுமி அக்காவும் நானும் அடிக்கடி பேசிக்கொண்டோம். "பயமா இருக்கு லா, சுமதி," என்பார். "எனக்கும்தான் அக்கா," என்பேன். பயந்துகொண்டே அனுப்பலாம். இதை அந்தப் பேச்சாளர் எந்த ஊரிலும் சொல்ல மாட்டார்.

திரும்பி வர வேண்டிய நேரத்தில் வெள்ளம் வந்து சாலை மூடிவிட்டது. வகுப்புகள் தொடங்கிய பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். அதற்குள் ஒரு பாடத்தின் முதல் தேர்வு போயிருந்தது. விலக்குக் கேட்டு மனுப் போட்டாள், மறுத்துவிட்டார்கள். அனுப்பியதும் அதே பல்கலைக்கழகம், மறுத்ததும் அதே பல்கலைக்கழகம். ஒரு மேசையில் இருப்பது அடுத்த மேசைக்குத் தெரியாது. அந்தப் பாடத்தை அவள் அடுத்த பருவத்தில் திரும்பப் படிக்க வேண்டும்.

ஆனந்துக்குச் சொல்லக் கிடைத்துவிட்டது. "பாத்தியா? சொன்னேனா இல்லையா?"

"ரிப்பீட் பண்ணிக்கிறேன் லா, ப்பா. அது ஸ்டாடிஸ்டிக்ஸ்தான். ஓடியா போகப் போகுது?"

ஞாயிற்றுக்கிழமை காலை. தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கறுத்திருந்தாள். கையெல்லாம் பூச்சிக்கடித் தழும்பு. நாலு தோசைக்கு அப்புறமும் தட்டை நீட்டினாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: நீள வீடு, ஒரே கூரைக்குக் கீழே எத்தனையோ குடும்பங்கள். முதல் வாரம் யாரும் இவர்களோடு சரியாகப் பேசவில்லை. முன்னால் வந்தவர்களும் தண்ணீரை எடுத்துப் போனார்களாம், முடிவை யாரும் வந்து சொல்லவில்லையாம். தர்ஷினிதான் சண்டைபோட்டு, முடிவுகளை அங்கேயே மலாயில் எழுதி, வீடு வீடாகப் படித்துக் காட்ட வைத்தாளாம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருவது எந்தப் படித்துறைத் தண்ணீரால் என்று கண்டுபிடித்த அன்று, அந்த ஊர்ப் பெண்கள் இவர்களை ஆற்றில் குளிக்கக் கூட்டிப் போனார்களாம்.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். எங்கே தூங்கினீர்கள், யார் சமைத்தது, படகு யார் ஓட்டியது, இருட்டில் என்ன பேசிக்கொண்டிருப்பீர்கள், சண்டை வந்தால் யார் முதலில் பேசுவது.

"ஏம்மா போலீஸ் மாதிரி கேக்கிறீங்க?"

"சொல்லேன்டி."

பொறாமையாக இருந்தது. பெற்ற மகள் மேல் பொறாமை. மகிழ்ச்சியும் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கீழே, பல வருஷமாகக் கொதித்துக்கொண்டிருக்கும் அந்தக் கோபமும் அப்படியே இருந்தது. அவள் போய்வந்ததால் எனக்கு எதுவும் திரும்பி வந்துவிடவில்லை. கலைக்கும் வரவில்லை.

ஆனந்த் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். வெகுநேரமாகப் பக்கம் திரும்பவில்லை. பிறகு தாளைத் தாழ்த்தினார்.

"ராத்திரியில ஆத்துல தண்ணி ஏறினா எப்படித் தெரியும் உங்களுக்கு?"

யாழினி நிமிர்ந்து பார்த்தாள். கேள்வியில் குத்தல் இருக்கிறதா என்று அவர் முகத்தில் தேடினாள். இல்லை. தட்டைத் தள்ளிவிட்டு, டம்ளரை ஆற்றுக்கு ஒரு கரையாகவும் சட்னிக் கிண்ணத்தை மறு கரையாகவும் வைத்தாள்.

"இங்க பாருங்க, ப்பா. இதுதான் வீடு. இங்க ஒரு கழி நட்டிருக்கோம்..."

"இரு, இரு," என்றார் அவர். மூக்குக் கண்ணாடியை எடுத்து வரப் போனார்.